மச்சானின் எடைக்குப் பூட்டிய சொக்

என் எடை 88 கிலோ. வீட்டில் கேட்டால் 90 என்பார்கள், அதை விடுவோம். நான் ஓடுகிற பல்சர் 150 பைக்கை மூன்று வருடத்துக்கு முதல் என் மச்சானிடம் வாங்கினேன். அவன் நனைந்த மழை அங்கியோடு தராசில் ஏறினாலும் 55ஐத் தாண்டமாட்டான். இந்த இரண்டு எண்களுக்கும், பின் சில்லின் குலுக்கலைத் தாங்குகிற சொக்குக்கும் (ஸ்பிரிங் பூட்டிய தண்டு), என் முதுகு வலிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று விளங்க எனக்கு இரண்டரை வருடம் பிடித்தது.

தினமும் மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். காபெட் றோட்டில் ஒரு குறையும் தெரியாது. வம்பு சனிக்கிழமைகளில்தான். மனைவியின் தாய்வீடு கொக்கட்டிச்சோலைப் பக்கம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவியைக் கடக்கிற பாதைப் படகுக்காகக் காத்து நிற்கிற வேலை இல்லை, நேரே அக்கரைக்குப் போய்விடலாம். ஆனால் பெரிய றோட்டை விட்டு உள்ளுக்குக் கிறுகினால் கிறவல். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் 'டக்' என்று அடியில் போய் இடிக்கும். "மெல்லமாப் போங்க, முள்ளந்தண்டு கழண்டுரும்" என்று பின்னாலிருந்து சத்தம் வரும். இரவில் திரும்பும்போது இன்னொரு கூத்து. நான் டிம்மில்தான் வருவேன், ஆனாலும் எதிரே வருகிறவன் எல்லாம் லைட்டை அடித்து அடித்துக் காட்டுவான்.

இதற்கு நான் கண்டுபிடித்த மருந்து காற்று. காற்றடிக்கிற கடைத் தம்பி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணா, உங்கட பாரத்துக்கு நாப்பது அடிப்பம்" என்றான். அடித்தோம். டயர் மரக்கட்டை போல ஆனது. இடிப்பது நிற்கவில்லை, மேலதிகமாகச் சின்னச் சின்னக் கல்லும் கையில் தெரிய ஆரம்பித்தது. ஒரு வருடம் போக, பின் டயரைக் குனிந்து பார்த்தால் நடுவில் வழுக்கை. ஓரங்களில் புது டயருக்கு இருக்குமே அந்த றப்பர் மயிர், அது இன்னும் சிலும்பிக்கொண்டு நிற்கிறது. காற்று கூடினால் டயர் உப்பி நடு வரி மட்டும் தரையைத் தொடும், தேய்வதும் அதுதான். ஒரு கராஜில் காட்டினேன். பைக்கில் ஏறியும் பார்க்காமல், "சொக் போயிட்டு, சோடியா மாத்துங்க" என்றார்கள். காசு இல்லாததால் தப்பினேன்.

பிறகு ஒரு நாள் வாகனப் புத்தகம் தேடிப் பெட்டியைக் கிளறியபோது, மச்சான் தந்த கைநூல் கிடைத்தது. அதில் இரண்டு விஷயம். காற்று (psi கணக்கில்) முன்னுக்கு 25, பின்னுக்குத் தனியே ஓடினால் 28, ஆள் ஏற்றினால் 32. நாப்பது எங்கேயும் இல்லை. மற்றது, பின் சொக்கின் அடியில் ஸ்பிரிங்கைத் தாங்குகிற, படிக்கட்டு வெட்டிய ஒரு வளையம் இருக்கிறது, பாரத்துக்கு ஏற்ப அதைத் திருப்பி ஏற்றலாம், அதற்கு ஐந்து படி. குனிந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் முதல் படியில். மச்சானுக்கு அது காணும்.

சரி, எந்தப் படி எனக்கு? ஊகத்தை விட்டுவிட்டு அளந்தோம். மெயின் ஸ்டாண்டில் ஏற்றினால் பின் சில்லு அந்தரத்தில் தொங்கும். அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே சீற்றுக்குக் கீழே ஒட்டிய பிளாஸ்டர் துண்டு வரை, மனைவி தன் தையல் நாடாவால் அளந்தாள். அப்புறம் ஸ்டாண்டிலிருந்து இறக்கி, நான் ஹெல்மெற்றும் போட்டு ஏறி இருந்தேன். மகன் முன்னால் ஹாண்டிலைப் பிடித்துக்கொள்ள, இரண்டு காலையும் பெடலில் வைத்துக்கொண்டேன். திரும்ப அளந்தாள். வித்தியாசம் 46 மில்லிமீற்றர். இந்தப் பைக்கின் பின் சில்லு மேலும் கீழும் ஓடக்கூடிய தூரமே கிட்டத்தட்ட 100தான். றோட்டில் ஓடுகிற பைக்குக்கு ஆள் ஏறியதும் மூன்றில் ஒரு பங்கு அமிழ்ந்தால் அளவு. நான் சும்மா ஏறி இருந்ததிலேயே பாதி போய்விட்டது. மனைவியும் ஏறினால் பள்ளத்துக்கு என்ன மிச்சம்? "அப்ப பைக்கில பிழை இல்ல" என்று நாடாவைச் சுருட்டிக்கொண்டு என் வயிற்றைப் பார்த்தாள்.

லைட்டுக்கும் காரணம் அதுதான். பின்பக்கம் குந்தினால் முன்பக்கம் மேலே பார்க்கும்.

வளையத்தைத் திருப்பியதுதான் பெரும்பாடு. சீற்றுக்குக் கீழே கொக்கி போல ஒரு ஸ்பனர் இருந்தது. வாவிக் காற்றும் கடற்காற்றும் சேர்ந்து அடிக்கிற ஊரில், ஒருநாளும் தொடாத வளையம் துருவில் ஒட்டிக் கிடக்கும். ஸ்பனர் வழுகி நடுவிரல் மொழித் தோல் போயிற்று. இரவு முழுக்க மண்ணெண்ணெய் விட்டு, காலையில் பழைய பல்துலக்கியால் மண்ணைத் தேய்த்து எடுத்த பிறகு 'கிளிக்' என்று ஏறியது. சைலன்சர் பக்கம் கை நுழையாது, அவசரத்தில் இடது நாலு, வலது மூன்று என்று விட்டுவிட்டு ஒரு நாள் ஓடியிருக்கிறேன். அப்படி ஓடக்கூடாது, இரண்டும் ஒரே படியில் நிற்க வேண்டும். நாலாம் படியில் அளந்தபோது 33. மனைவி ஏறுகிற நாளுக்கு ஐந்து.

ஒன்றைப் பலபேர் பிழையாகச் சொல்கிறார்கள், நானும் சொன்னேன்: படியை ஏற்றினால் ஸ்பிரிங் இறுகும் என்று. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான், அதன் பலம் மாறுவதில்லை. அதன் இருக்கை மேலே வருவதால் பைக் உயர்ந்து நிற்கும், அமிழ்வதற்கு இடம் கிடைக்கும். அவ்வளவுதான். ஆகவே என்னைவிடப் பாரமானவருக்கு ஐந்தாம் படியிலும் அளவு வராவிட்டால் வேறு ஸ்பிரிங்தான் தேட வேண்டும். காற்றைக் கூட்டி அதைச் சமாளிக்க முடியாது. ஆள் ஏறும்போது 28ஐ 32 ஆக்குவது டயரின் பக்கச் சுவர் நசிந்து சூடாகாமல் இருக்க. அது டயரின் கணக்கு.

காற்றைக் காலையில், ஓடுவதற்கு முதல் பார்க்கிறேன். மத்தியான வெயிலில் களுவாஞ்சிகுடியிலிருந்து வந்து பார்த்தால் மூன்று நாலு கூடிக் காட்டும். அதை நம்பி இறக்கினால் விடிய டயர் சோர்ந்து கிடக்கும். காத்தான்குடியில் பேனை மாதிரி ஒரு சின்ன மீற்றர் வாங்கினேன். அதை வைத்துப் பார்த்தபோதுதான் கடைத் தம்பியின் நாப்பது உண்மையில் 43 என்று தெரிந்தது. நான் கொண்டுவந்த மீற்றரைப் பார்த்து அவன் முகம் கறுத்ததால் இப்போது வீட்டிலேயே கால் பம்பு.

போன சனிக்கிழமை 32ம் ஐந்தாம் படியுமாகக் கொக்கட்டிச்சோலை போனோம். பின்னாலிருந்து முள்ளந்தண்டுக் கதை வரவில்லை, தாய்வீட்டுக் கதைதான் வழி நெடுக வந்தது. திரும்பும்போது ஒரேயொரு லொறிக்காரன் லைட் அடித்தான், அவனுக்கு என்ன கோபமோ.

ஆனால் நேற்றுக் கழுவும்போது இடது சொக்கின் தண்டில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய புழுதியும் கண்டேன். துடைத்துவிட்டு இன்று பார்த்தேன், திரும்பவும் கசிந்திருக்கிறது. இதற்குப் படி இல்லை. கராஜ்காரர் சொன்னபடி சோடியாகத்தான் மாற்ற வேண்டிவரும், அவர்களிடம் போவதா என்பதுதான் யோசனை.