எந்தப் பிள்ளையையும் கேட்காமல் செய்த வேலை

தன்பாலீர்ப்புள்ள மாணவர்களுக்குப் பாடசாலை பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று பேச்செடுத்தால், "எங்கட பள்ளிக்கூடத்திலை அப்பிடி ஆர் இருக்கினம்?" என்பார்கள். அந்தக் கேள்வியை யாரும் கேட்கக்கூடாது என்பதுதான் நாங்கள் முதலில் எடுத்த முடிவு. யாழ்ப்பாணத்தில் ஆண்கள் பாடசாலை ஒன்றிலும் பெண்கள் பாடசாலை ஒன்றிலும் இந்த வேலை நடந்தது. தொடக்கம் முதல் கடைசி வரை எந்த மாணவரிடமும் "நீ யார்?" என்று கேட்கவில்லை. மாற வேண்டியவர்கள் பெரியவர்கள். பிள்ளை வாய் திறந்தால்தான் பாதுகாப்புக் கிடைக்கும் என்றால், வாய் திறக்க முடியாத பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

முதலில் ஒரு பெரிய தாளில் பாடசாலையின் வரைபடத்தைக் கையால் கீறினோம். கடமையிலிருந்த ஆசிரியர்கள் ஐந்து நாட்கள், காலை மணிக்கு முன்னும் இடைவேளையிலும் பாடசாலை விடும் 1.30 மணிக்குப் பிறகும், காதில் விழுந்த பட்டப்பெயரையும் இடத்தையும் நேரத்தையும் அதில் குறித்தார்கள். மாணவர் பெயர் எழுதுவதில்லை. "ஒன்பது", "அலி" போன்ற சொற்கள் மைதானத்தில்தான் கேட்கும் என்று எதிர்பார்த்தோம். புள்ளிகள் குவிந்ததோ சைக்கிள் தரிப்பிடத்திலும் மலசலகூடத்தின் பின்பக்கத்திலும் நீர்த்தாங்கிக்கு அருகிலும். இந்த மூன்று இடத்துக்கும் கடமை அட்டவணையில் ஆளே இல்லை. அட்டவணையைத் திருத்த ஒரு சதமும் செலவில்லை. எந்த விளக்கவுரையும் வைக்குமுன்னரே இதைச் செய்துவிடலாம்.

வரைபடத்தில் வராத ஓரிடம் வகுப்பறை. பெடியன் ஒருவன் நடக்கும் விதத்தையோ பேசும் குரலையோ ஆசிரியரே நடித்துக் காட்டி வகுப்பைச் சிரிக்க வைப்பது இங்கே வழமையாகிப் போன ஒன்று. அந்த ஒரு சிரிப்பே மற்றவர்களுக்கு அனுமதிப்பத்திரம். அன்று 1.30 மணிக்குப் பிறகு சைக்கிள் தரிப்பிடத்தில் நடப்பதை எந்த மாணவ முதல்வரும் தடுக்கப்போவதில்லை.

அனுமதி எடுக்கும் ஒழுங்கு முக்கியம். வெளியாட்கள் பாடசாலைக்குள் நிகழ்ச்சி செய்வதானால் வலயக் கல்விப் பணிமனையின் கடிதம் கேட்பார்கள். தலைப்பில் "பாலியல்" என்ற சொல் இருந்தால் கடிதம் மேசைக்கு மேசை போய், பிறகு எங்கேயோ தங்கிவிடும். பாடசாலைக்கு உள்ளே இருக்கும் ஆசிரியர்களே ஒழுக்கம், மாணவர் பாதுகாப்பு என்ற பெயரில் தொடங்கினால் அதிபரின் அதிகாரம் போதும். உடல் தண்டனையை விலக்கும் கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை எல்லா அதிபர்களுக்கும் தெரிந்தது. ஆசிரியரே அடிக்கக்கூடாத இடத்தில் மாணவர் மாணவரை அடிப்பதை எப்படி விடுவது என்று கேட்டால், பேச்சு அதிபருக்குப் பழக்கமான பாதையிலேயே போகும். தலைப்பு எதுவாக இருந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்பதை அதிபரிடம் முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். நாளை பெற்றோர் ஒருவர் வந்து கத்தும்போது முன்னுக்கு நிற்கப்போவது அவர்தான்.

அடுத்தது விதியின் வாசகம். "எவரையும் கேலி செய்யக்கூடாது" என்ற பொது வாசகம் போதாது. அது ஏற்கெனவே எல்லாப் பாடசாலைச் சுவரிலும் இருக்கிறது. எதற்காகக் கேலி செய்கிறார்கள் என்று பெயர் சொல்லி எழுதினால்தான் "இது சும்மா பகிடி சேர்" என்ற பதில் எடுபடாமல் போகும். எங்கள் பட்டியலில் சமயம், சாதி, ஊர், உடல், மாற்றுத்திறன், குரல், நடை, பால்நிலை வெளிப்பாடு (ஆண், பெண் என்பதை உடையிலும் நடத்தையிலும் காட்டும் விதம்), பாலியல் நாட்டம் (யார்மேல் ஈர்ப்பு வருகிறது என்பது) என்று வந்தன. கடைசி இரண்டுக்கும்தான் சண்டை வரும் என்று ஆயத்தமாகப் போனோம். கூட்டத்தில் கூடுதல் நேரம் எடுத்தது "சாதி" என்ற சொல். அதை எழுதச் சம்மதித்தவர்களுக்கு மற்றச் சொற்களை மறுக்க நியாயம் கிடைக்கவில்லை. பட்டியலைப் பிரிக்காமல் ஒன்றாக வைத்தது நல்லதாய்ப் போயிற்று.

சட்டக் கேள்வி கட்டாயம் வரும். "இது குற்றமெல்லோ, குற்றத்தைப் பாதுகாக்கச் சொல்லுறியளோ?" என்பார்கள். பதிலைக் கையில் வைத்திருங்கள். தன்பாலுறவுக்கு எதிராகக் காட்டப்படும் 365, 365அ ஆகிய பிரிவுகள் பிரித்தானியர் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக் கோவையில் உள்ளவை. 365அ பிரிவு 1995இல் திருத்தப்பட்டதோடு பெண்களையும் உள்ளடக்கியது. அவை குறிப்பது செயல்களை. ஒருவருக்கு யார்மேல் ஈர்ப்பு வருகிறது என்பது எந்தப் பிரிவிலும் குற்றமில்லை. பிள்ளையை அடிப்பதற்கோ பாடசாலையை விட்டுத் துரத்துவதற்கோ அந்தப் பிரிவுகளில் இடமே கிடையாது. இந்தப் பிரிவுகளை மாற்ற 2023இல் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் தனிநபர் சட்டமூலம் வந்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. இவ்வளவையும் ஒரு பக்கத்தில் தட்டச்சடித்து அதிபரிடம் கொடுத்து வைத்தோம்.

ஆசிரியர் அமர்வுக்கு 90 நிமிடம் போதும். வெள்ளிக்கிழமை வேண்டாம். மூத்த ஆசிரியர்கள் முதல் வரிசையில் இருந்தால் இளையவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்பதால் ஆறு ஆறு பேராகப் பிரித்து இருத்தினோம். பாதி நேரம் வாய்ப்பயிற்சிக்கே போயிற்று. வகுப்பில் அந்தச் சொல்லைக் கேட்டால் உடனே என்ன சொல்வது? "இந்த வகுப்பிலை அந்தச் சொல் இல்லை. புத்தகத்தைத் திற." அவ்வளவுதான். விரிவுரை நடத்தினால் வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்ப்பது அந்தப் பிள்ளையைத்தான். சொன்னவனைத் தனியே கூப்பிட்டுப் பேசுவது பிறகு, இடைவேளையில். "அவனும் கொஞ்சம் ஆம்பிளை மாதிரி நடக்கலாம்தானே" என்று கேட்ட ஆசிரியர்கள் இருந்தார்கள். அடி வாங்கியவனைத் திருத்தப் போனால், அடித்தவனுக்குப் பாடசாலையே நியாயம் சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

பெண்கள் பாடசாலையில் நிலைமை வேறு. அங்கே அடி குறைவு, கண்காணிப்பு அதிகம். இரண்டு பிள்ளைகள் எப்போதும் ஒன்றாகத் திரிகிறார்கள் என்று யாரோ சொன்னவுடன் புத்தகப்பையைக் கொட்டிக் கடிதம் தேடுவது, வகுப்பை மாற்றுவது, இரண்டு தாய்மாரையும் ஒரே அறையில் இருத்தி விசாரிப்பது, கடைசியில் விடுகைப் பத்திரத்தை நீட்டுவது. இவை எல்லாம் "பிள்ளையின் நன்மைக்காக" என்றே நடக்கும். நடத்தையில் ஒரு வரி மோசமாக எழுதப்பட்டால் அடுத்த பாடசாலையில் இடம் எடுப்பதே பாடு. அதனால் மூன்று விடயங்களை எழுத்தில் கேட்டு வாங்கினோம்: பையைச் சோதிப்பதானால் அதிபர் முன்னிலையில், களவு அல்லது ஆபத்தான பொருள் என்ற காரணத்துக்கு மட்டும், தனிப்பட்ட கடிதத்தை வகுப்பில் வாசிக்கக்கூடாது, நட்பையோ ஈர்ப்பையோ காரணமாக வைத்து விடுகைப் பத்திரம் கொடுக்கக்கூடாது. பெண்கள் பாடசாலையில் எங்கள் வேலையில் கூடுதலாகப் பயன் தந்தவை இந்த மூன்று வரிகள்.

ஆலோசனை அறை பல பாடசாலைகளில் அதிபர் அலுவலகத்துக்கு நேரெதிரே இருக்கும். உள்ளே போகும் பிள்ளையை வராந்தாவில் நிற்கும் எல்லோரும் காண்பார்கள். நூலகத்துக்குப் பக்கத்து அறைக்கு அதை மாற்றினோம். நூலகத்துக்குப் போகக் காரணம் தேவையில்லை. ஆலோசனை ஆசிரியரே ஒழுக்காற்றுக் குழுவிலும் இருந்தால் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். அந்த இரண்டு பொறுப்பையும் பிரிக்கும்வரை அறை வெறுமையாகத்தான் கிடந்தது.

பிள்ளை தானாக வந்து சொன்னால் செய்யக்கூடாத முதற்காரியம் வீட்டுக்குச் சொல்வது. பாடசாலையால் ஒரு பிள்ளைக்கு நேரக்கூடிய ஆகப் பெரிய சேதம் இங்கேதான் நேருகிறது. ஆசிரியர் நல்ல மனத்தோடுதான் தாயைக் கூப்பிடுவார். அடுத்த நாள் பிள்ளை வராது. தொலைபேசி பறிக்கப்படும், ரியூசன் நிறுத்தப்படும், பெண் பிள்ளையானால் கலியாணப் பேச்சுத் தொடங்கும், சாமி பார்க்கவும் செபத்துக்கும் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆகவே இரகசியத்தை எப்போது உடைக்கலாம் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். உயிருக்கு ஆபத்து, பெரியவர் ஒருவரின் துஷ்பிரயோகம், யாராவது மிரட்டிப் பணமோ படமோ கேட்பது, இந்த மூன்றுக்கும் மட்டும். அப்போதும் சொல்வது ஆபத்தைப் பற்றி. பிள்ளையின் ஈர்ப்பைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டியதில்லை. "அம்மா, பிள்ளை சரியாகச் சாப்பிடுறதில்லை, சாகிற கதை கதைக்கிறா, இண்டைக்கே வைத்தியரைக் காண வேணும்" என்றால் தாய்க்குத் தேவையான அத்தனையும் அதில் இருக்கிறது. துஷ்பிரயோகம் என்றால் 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவிக்கலாம். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை உத்தியோகத்தரையும் முன்கூட்டியே நேரில் கண்டு பழகிக்கொள்ளுங்கள். அவசரத்தில் முதன்முறை போய் நின்று விளக்குவது கடினம்.

வைத்தியரிடம் அனுப்பும் கடிதத்திலும் கவனம் தேவை. "தன்பாலீர்ப்பு, சிகிச்சைக்காக" என்று எழுதக் கண்டிருக்கிறோம். உலக சுகாதார அமைப்பு 1990 மே 17ஆம் திகதி நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட ஒன்றுக்குச் சிகிச்சை கேட்பது அது. நித்திரையின்மை, அழுகை, பாடத்தில் பின்னடைவு என்று கண்டதை எழுதினால் போதும். இரவு வேளைக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை மாணவர் நாட்குறிப்பின் பின்னட்டையில் அச்சிட்டோம், எல்லோருக்கும் பொதுவாக.

சம்பவங்களைப் பதிய ஒரு சி.ஆர். கொப்பி (தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி). திகதி, இடம், சொன்ன சொல் அல்லது செய்த செயல், கண்டவர், எடுத்த நடவடிக்கை என்று ஐந்து நிரல். பாதிக்கப்பட்டவரின் சேர்விலக்கத்தை முதலில் எழுதி வந்தோம், அது பிழை. சேர்வு இடாப்பைத் திறக்கும் எவருக்கும் அது பெயர்தான். பிறகு "தரம் 9 மாணவர்" என்று மட்டும் எழுதினோம். ஒரே சொல், ஒரே இடம் மூன்று தரம் வந்தால் பகுதித் தலைவர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற எல்லையும் வைத்தோம். எல்லை இல்லாத கொப்பி எழுதப்படும், யாரும் வாசிக்க மாட்டார்கள்.

பாடசாலை அசையாவிட்டால் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுத்தில் முறையிடலாம். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் உண்டு. சமத்துவ உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போவதானால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. அதனால் திகதி போட்ட பிரதியைக் கையில் வைத்திருங்கள்.

கடைசியாக இடமாற்றம். புரிந்துகொண்ட அதிபரோ ஆலோசனை ஆசிரியரோ மாறிப் போவார்; அவரோடு எல்லாம் போய்விடும். விதியைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்ட அறிக்கையில் ஏற்றி, ஆண்டுத் திட்டத்திலும் கடமை அட்டவணையிலும் சேர்த்து வைத்தால் புதியவர் அதை அகற்றுவதற்குக் கூட்டம் கூட்ட வேண்டியிருக்கும். சி.ஆர். கொப்பியை அலுமாரியில் விட்டுப் போகாமல், பொறுப்பேற்பவரோடு இருந்து, இரகசியம் பற்றிய அந்தப் பக்கத்தை வாய்விட்டு வாசித்து, அவருடைய கையொப்பத்தையும் வாங்கிக் கொடுங்கள்.