குரூப் 4 கணக்கு: 720720 என்ற ஒரே எண் போதும்

டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 ரிசல்ட் வந்துவிட்டது, ரேங்கும் நல்ல ரேங்க்தான். அந்த நிம்மதியோடு எழுதுகிறேன். கடலூரில் என்னோடு படித்தவர்கள் கேட்பதெல்லாம் தேர்வில் வரும் அந்த 25 கணக்குக் கேள்விகளைப் பற்றித்தான். தமிழுக்கும் பொது அறிவுக்கும் பள்ளிப் புத்தகம்தான், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் போன பயிற்சி மையத்தில் ஷார்ட்கட்டுகளை அள்ளிக் கொடுத்தார்கள், காரணம் சொல்லவில்லை. காரணம் தெரியாத ஷார்ட்கட் தேர்வு அறையில் கைகொடுக்காது. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. அதனால் மாலையில் சில்வர் பீச் பக்கம் போய் உட்கார்ந்து, ஒரே எண்ணைப் பிரித்துப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

1 முதல் 16 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச்சிறிய எண் 720720. பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13. மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு) எப்படி உருவாகிறது என்பது இந்த ஒரு வரியிலேயே தெரியும்: 16க்காக 2⁴, 9க்காக 3², மற்றவை ஒவ்வொன்று. 12, 14, 15 எல்லாம் தானாக உள்ளே வந்துவிடுகின்றன.

இன்னொன்று, 720720 என்பது 720 × 1001. 1001 = 7 × 11 × 13. ஆகவே 358358 மாதிரி மூன்று இலக்கம் அப்படியே திரும்பி வரும் எந்த எண்ணும் 7, 11, 13 மூன்றாலும் வகுபடும். இதை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள்.

மற்றவை:
- வகுத்திகள் (720720ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள்): அடுக்குகளோடு 1 கூட்டிப் பெருக்கினால் 5×3×2×2×2×2 = 240.
- ஒற்றைப்படை வகுத்திகள்: 2ஐ விட்டுவிட்டால் 48.
- முழு வர்க்கமாக்கப் பெருக்க வேண்டிய மிகச்சிறிய எண்: 5×7×11×13 = 5005. அதே 5005ஆல் வகுத்தாலும் வர்க்கம்தான், 144.
- 2 முதல் 16 வரை எதால் வகுத்தாலும் மீதி 1 வர வேண்டுமா? 720721.
- 17ஆல் வகுத்தால் மீதி 5.

720720க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் 240 வகுத்திகள் கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் வகுத்திகளில் மிஞ்சும் எண்களைப் பற்றித்தான் நம் ராமானுஜன் 1915இல் நீண்ட ஆய்வுக் கட்டுரையே எழுதினார். அது தெரிந்த பிறகு எனக்கு இந்தப் பாடத்தின் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

தினமும் மாதிரித் தேர்வு எழுதினால்தான் மனம் அடங்கும் என்பவர்களுக்கு இந்த வழி சரிப்படாது. ஒன்றையே பிடித்துக்கொண்டு உட்காரத் தெரிந்தவர்கள் அடுத்து 831600ஐப் பிரியுங்கள். அதற்கும் 240 வகுத்திகள்தான், ஆனால் 13ஆல் வகுபடாது. அந்த 13 போன இடத்தில் எவை வந்து ஈடுகட்டின என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.