கூடையில் விழுந்த ஆப்பிளும் ஏறிக்கொண்டே போகும் புள்ளிகளும்

தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு நிரலாக்கம் கற்பிப்பதென்றால், அவர்களே ஒரு வீடியோ கேமை உருவாக்குவதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுடன் வார இறுதிகளில் ஸ்க்ராட்ச் மென்பொருளின் முன் அமர அமர, இந்த நம்பிக்கை வலுத்தே வந்திருக்கிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மீடியா ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இந்த இலவச மென்பொருளில், கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை; வண்ணக் கட்டைகளாக இழுத்துப் பொருத்தினால் போதும். குழந்தைகளுக்கென 1967-இல் பிறந்த லோகோ நிரல்மொழியின் வழிவந்தது இது.

பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் செய்வது, மேலிருந்து விழும் ஆப்பிளைக் கூடையில் பிடிக்கும் விளையாட்டு. திரையின் நடுப்புள்ளி சுழியம். மேல் விளிம்பு 180, கீழ் விளிம்பு -180. குறை எண்களைச் சொல்லித்தரும் முழுக்கள் பாடம் ஆறாம் வகுப்பில்தான் வருகிறது என்றாலும், ஆப்பிளைக் கீழே இறக்கியாக வேண்டும் என்ற தேவை வந்ததும் ஒன்பது வயதுக் குழந்தை தயக்கமின்றி -5 என்று இடுகிறது.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். 'கூடையைத் தொட்டால் புள்ளியில் 1 கூட்டு' என்ற கட்டளையை, உள்ளிருப்பதைத் திரும்பத் திரும்பச் செய்யும் முடிவில்லாத சுழற்சிக்குள் வைத்து ஓட்டியதும், ஒரே ஆப்பிளுக்குப் புள்ளிகள் மளமளவென்று ஏறுகின்றன. அந்தச் சுழற்சி நொடிக்கு ஏறத்தாழ 30 முறை ஓடுவதால், ஆப்பிள் கூடையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி சேர்கிறது. முதலில் கூச்சலிட்டு மகிழும் பிள்ளைகளில் ஒருவரே, சற்று நேரத்தில், "இது அழுகுணி ஆட்டம்" என்று சொல்லிவிடுவார். விளையாட்டில் நியாயம் கேட்டுப் பழகிய மனம், தன் நிரலிலும் நியாயம் கேட்கிறது! புள்ளி சேர்ந்தவுடன் ஆப்பிளை மீண்டும் மேலே அனுப்பிவிட வேண்டும் என்பதை அவர்களாகவே கண்டுபிடிக்கிறார்கள்.

அந்த நேரத்தில் பெரியவர்கள் மவுஸை வாங்கிச் சரிசெய்து கொடுத்துவிடக் கூடாது. "தொட்ட பிறகு ஆப்பிள் எங்கே போக வேண்டும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பதே நம் வேலை. இங்கிலாந்தில் 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கணினிப் பாடத்திட்டம், எளிய நிரல்களை எழுதுவதோடு அவற்றின் பிழைகளைக் களைவதையும் 5 முதல் 7 வயதுக்கே வைத்திருக்கிறது. தயாரான நிரலைப் பார்த்துப் பிள்ளைகளை அப்படியே அடுக்க வைத்து, கையில் சான்றிதழைக் கொடுத்து அனுப்பும் வகுப்புகள் இந்தத் தேடலையே பறித்துவிடுகின்றன என்பது என் வருத்தம்.

இணைய இணைப்பு இல்லாமலும் இயங்கும் பதிப்பு கிடைப்பதால், பள்ளிக் கணினி அறையிலேயே இதைத் தொடங்கலாம். ஒரு கணினிக்கு இருவரை அமர்த்தினால், ஒருவர் கட்டைகளைப் பொருத்த, மற்றவர் விளையாடிப் பார்த்துப் பிழை சொல்ல, இருவருக்கும் வேலை இருக்கும்.