கருப்பனின் பிஸ்கட்

எங்கள் நாய் கருப்பனுக்குக் கடையில் வாங்கிய பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒருநாள் கண்ணாடி போட்டுப் படித்தேன். பாதிப் பெயர் வாயில் நுழையவில்லை. சரி, நாமே செய்வோம் என்று இறங்கிவிட்டேன்.

ஒரு பெரிய சர்க்கரைவள்ளிக்கிழங்கை வேகவைத்து, தோலுரித்து மசித்து, முட்டை ஒன்றை உடைத்து ஊற்றினேன். கையில் ஒட்டாமல் திரளும்வரை கேழ்வரகு மாவு. உப்பு, சர்க்கரை கிடையாது. சப்பாத்தி கனத்துக்குத் தட்டி, டப்பா மூடியால் வெட்டி, தோசைக்கல்லில் சிறு தீயில் இருபுறமும் சுட்டேன். முதல் ஈடு ஓரம் கருகியது, அது என் கவனக்குறைவு. கருகியதை என் தட்டில் போட்டுக்கொண்டேன், மோசமில்லை!

“நாலு உலர்திராட்சை போடேன், வாசமா இருக்கும்” என்றார் அம்மா. அது நாயின் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கலாம் என்றதும் பதறிப்போய் டப்பாவை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார். வெங்காயம், பூண்டு, சாக்லேட்டும் ஆகாது. வேர்க்கடலை வெண்ணெய் சேர்ப்பவர்கள் அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்கு அது விஷம்.

ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள் வைக்கிறேன். நொறுக்குத்தீனி அன்றாடச் சாப்பாட்டில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதால் நாளுக்கு இரண்டுதான். இந்தக் கணக்கெல்லாம் கருப்பனுக்குத் தெரியாது. மூடி திறக்கும் சத்தம் கேட்டால் மாடியிலிருந்து உருண்டு வருகிறான்.