உள்ளே வருபவர் முதலில் சொல்ல வேண்டும்

2018 செப்டம்பரில் பிரான்ஸின் லியோன் நகருக்கு வந்து சேர்ந்த மூன்றாம் நாள், தெருமுனை ரொட்டிக் கடைக்குத் தனியாகப் போனேன். சொல்ல வேண்டியதைப் படியிறங்கும்போதே நாலைந்து தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். என் முறை வந்ததும், "ஒரு பகெத், சில் வூ ப்ளே" என்றேன். ஒரு நீள ரொட்டி, தயவுசெய்து என்று அர்த்தம். கடைக்காரப் பெண் ரொட்டியை எடுக்கவில்லை. என்னை நேராகப் பார்த்து, நிறுத்தி நிதானமாக, "பொன்ழூர், மதாம்" என்றார். நான் தலையசைத்துவிட்டு மறுபடியும் பகெத் கேட்டேன். அவரும் மறுபடியும் "பொன்ழூர்" என்றார். எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். கடைசியில் ரொட்டி கிடைத்தது, ஆனால் அவர் முகத்தில் சிரிப்பில்லை. நம் நிறத்தைப் பார்த்துத்தான் இப்படி நடத்துகிறார்களோ என்று அன்று இரவு கணவரிடம் அழுதேன்.

காரணம் புரிய ஒரு மாதம் ஆனது. 'பொன்ழூர்' என்றால் வணக்கம் என்று படித்துவிட்டு வருகிறோம். விருப்பமிருந்தால் சொல்லலாம், அவசரமென்றால் விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே அதைச் சொல்லாமல் பேச்சே தொடங்காது. கடைக்காரர், பஸ் ஓட்டுநர், லிஃப்டில் எதிர்ப்படுபவர், டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் அறையில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாதவர்கள் என்று எல்லோருக்கும் உண்டு. சொல்லாமல் நேரே ரொட்டி கேட்டால், எதிரில் நிற்பவரை ஆளாகவே மதிக்கவில்லை என்று அர்த்தமாகிவிடும்.

நம் ஊரை நினைத்துப் பார்த்தபோதுதான் இது மனதில் உட்கார்ந்தது. கல்யாண வீட்டில் "வாங்க" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதற்காகப் பத்து வருஷம் பேசாமல் இருந்த பங்காளிகளை எனக்குத் தெரியும். அதே ரோஷம்தான் இங்கேயும். நம்மிடம் வீட்டிலிருப்பவர் முதலில் சொல்ல வேண்டும், இங்கே உள்ளே வருபவர் முதலில் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு போன நாளிலிருந்து, அதே ரொட்டிக் கடைப் பெண் நன்றாக வெந்த பகெத்தாகப் பார்த்து எனக்கு எடுத்து வைக்கிறார்.

நாங்கள் குடியிருப்பது குருவா ரூஸ் மேட்டில். பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த பகுதி. தறி நிற்க வேண்டுமென்பதற்காகப் பழைய வீடுகளின் கூரையை நாலு மீட்டர் உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். தறியில் பூவேலை நெய்யும் கருவிக்குப் பெயர் தந்த, 1752-இல் இந்த ஊரில் பிறந்த ஜக்கார்டின் சிலை எங்கள் சதுக்கத்தில் நிற்கிறது. நான் பிறந்தது காஞ்சிபுரத்தில், தறிக்காரர் வீட்டில். அப்பா வாயில் தினமும் புழங்கிய 'ஜக்கார்டு' ஒரு மனிதரின் பெயர் என்பதே இங்கே வந்துதான் தெரிந்தது. சிலையைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

எதிர்வீட்டு மதாமுக்கு எழுபது வயதுக்கு மேல். கணவர் இறந்துவிட்டார், தனியாக இருக்கிறார். பிரெஞ்சில் 'வூ', 'த்யு' என்று இரண்டு இருப்பது நமக்குக் கஷ்டமே இல்லை, நீங்கள், நீ, அவ்வளவுதான். ஆனால் பழகிய பிறகு பெரியவரே முன்வந்து, "இனி நாம் 'த்யு' என்றே பேசிக்கொள்ளலாமே" என்பார். அது பெரிய அன்பு. மதாமும் கேட்டார். என் நாக்குதான் திரும்பவில்லை. பாட்டி வயதில் இருப்பவரை எப்படி நீ என்பது? அவர் 'த்யு' என்பார், நான் 'வூ' என்பேன், இன்றைக்கும் அப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.

அந்த அக்டோபர் கடைசியில் அவர் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஏழரை மணி என்றால் பத்து நிமிஷம் கழித்துப் போவதுதான் மரியாதை, முன்னதாகப் போய் நிற்கக் கூடாது என்று கணவரின் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். வெறுங்கையோடு போகலாமா? பூக்கடை வாசலெல்லாம் சாமந்தித் தொட்டிகள். ஆயுத பூஜையன்று தறிக்குச் சாமந்தி மாலை போட்டு வளர்ந்தவளுக்கு, அந்த மஞ்சளைப் பார்த்ததும் வேறெதுவும் கண்ணில் படவில்லை. இருப்பதிலேயே பெரிய தொட்டியாக வாங்கிக்கொண்டேன்.

கதவைத் திறந்த மதாம் தொட்டியைப் பார்த்து ஒரு நொடி அப்படியே நின்றார். அப்புறம் இரண்டு கையாலும் வாங்கி, "எவ்வளவு அழகு" என்று ஜன்னலோரம் வைத்தார். சாப்பாடு நாலு மணி நேரம் நடந்தது. 2010-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது இந்த நீண்ட விருந்தைத்தான். முதலில் கொறிக்க ஏதோ, பிறகு சூப், காளான் போட்ட முட்டைப் பதார்த்தம், சீஸ், கடைசியில் ஆப்பிள் தார்த். ரொட்டிக்குத் தட்டு கிடையாது, மேசை விரிப்பின் மேலேயே வைக்கிறார்கள். நம் பழக்கப்படி இடது கையை மடியில் வைத்திருந்தேன். இரண்டு கையும் மேசைமேல் தெரிய வேண்டும் என்று அவரே மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார். பூவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் ரொட்டிக் கடைப் பெண்ணிடம் கேட்டேன். சாமந்தி இங்கே கல்லறைப் பூ. நவம்பர் 1 துசேன் திருநாள், அரசு விடுமுறை. அன்று எல்லோரும் குடும்பத்தினரின் கல்லறைக்குப் போய்ச் சாமந்தி வைப்பார்கள். இலையுதிர் காலத்தில் பூத்துக் குளிரையும் தாங்கும் பூ அது. உயிரோடிருப்பவர் வீட்டுக்கு யாரும் எடுத்துப் போவதில்லை. எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிவிட்டது. ஓடிப்போய் மதாமிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் ஊரில் இது சாமி பூ, தொழிலுக்குப் போடும் பூ என்று தெரிந்த பிரெஞ்சிலெல்லாம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படியென்றால் இதை என் கணவரிடம் கொண்டு போகிறேன். நீயும் வருகிறாயா?" என்றார்.

எங்கள் வீட்டில் பெண்கள் சுடுகாட்டுப் பக்கம் போனதில்லை. அம்மாவிடம் சொல்லாமலே கிளம்பினேன். துசேனன்று கல்லறைத் தோட்டம் முழுக்கப் பூ, மஞ்சள், வெள்ளை, ஊதா. குழந்தைகளோடு வந்தவர்கள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். காற்றில் எங்கள் தறி வீட்டு வாசனை. மதாம் ஒரு கல்லின் முன்னால் போய் நின்றார். தொட்டியை உடனே வைக்கவில்லை. குனிந்து, உள்ளங்கையைக் கல்லின் மேல் பதித்து, "பொன்ழூர்" என்றார்.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் சொன்னேன்.