கொசுவுக்குப் பயந்த சங்கமும் எங்கள் மழைத்தோட்டமும்

பொது இடத்தில் மழைத்தோட்டம் (மழைநீர் ஓடிவிடாமல் மண்ணுக்குள் இறங்க, ஆழமில்லாத பள்ளம் எடுத்துச் செடி நடும் தோட்டம்) போடப் போகிறவர்கள் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால், நிலத்தடியில் போகும் குழாய், கேபிள் வரைபடத்தைக் கையில் வாங்கிவிடுங்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் அது யாரிடம் இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. செயலாளர் பொருளாளரைக் கைகாட்ட, அவர் பழைய செயலாளரைக் கைகாட்ட, கடைசியில் பிளம்பர் வந்து, "இந்தப் பக்கம் ஒண்ணும் போகல சார், வெட்டிக்கோங்க" என்று ஒரே நிமிடத்தில் முடித்தார். அதையும் எழுதி வாங்கிவரச் சொன்னார்கள்!

அடுத்தது கொசு. கூட்டத்தில் ஒருவர் "தண்ணி நிக்கும், டெங்கு வரும்" என்று ஆரம்பித்ததும் வேறு பேச்சே எடுபடவில்லை. கொசுப்புழு வளர்ந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், இதில் தண்ணீர் ஒரே நாளில் இறங்கிவிடும் என்று எவ்வளவோ சொல்லியாயிற்று. சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று அந்த இடத்திலேயே ஓரடிக் குழி எடுத்தோம். ஒருமுறை நிரப்பி வற்றவிட்டு, மறுபடி விளிம்புவரை ஊற்றி, குச்சியில் கோடு போட்டு நட்டு வைத்தோம். சாயங்காலம் குச்சியின் அடியில் ஈரம் மட்டும்தான் இருந்தது. எதிர்த்தவர் வந்து எட்டிப் பார்த்தார், வாயே திறக்காமல் சம்மதக் கையெழுத்துப் போட்டார். (24 மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால் அந்த இடம் வேண்டாம். கட்டட அஸ்திவாரத்திலிருந்து 10 அடியாவது தள்ளியிருக்கட்டும்.)

மண் வேலை சுலபம்: அரை அடிக்குச் சற்றுக் கூடுதல் ஆழம், மட்டமான அடி, தாழ்ந்த பக்கம் கரை, மிஞ்சியது வழியக் கல் பரப்பிய ஒரு வாய்.

நாட்டுச் செடி கேட்டதற்கு நர்சரிக்காரர் கல்வாழையை ஏற்றி அனுப்பிவிட்டார். பூ அழகுதான், ஆனால் அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். திருப்பி அனுப்பிவிட்டுக் குழிக்குள் கோரை, சரிவில் வெட்டிவேர், கரைமேல் நொச்சி, ஆடாதோடை என்று நட்டோம். தாவரவியல் பெயரோடு பட்டியல் எழுதிக் கொடுத்தால் இந்த அலைச்சல் மிச்சம்.

எரிச்சல் இன்னும் அடங்காதது இதில்தான்: பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் ஆள் புல்வெட்டும் மெஷினோடு வந்து, கோரை முழுவதையும் களையென்று சீவித் தள்ளிவிட்டார். கிழங்கு மண்ணுக்குள் இருந்ததால் திரும்பத் துளிர்த்தது. நட்ட அன்றே, இது களையல்ல என்று பலகை வையுங்கள். முதல் வருடம் மழையில்லாத நாட்களில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள். மூடாக்குக்கு (ஈரம் காயாமல் மண்மேல் பரப்புவது) லேசான மரச்சீவல் போட்டுவிடாதீர்கள். பெருமழையில் மிதந்து போய் வழியும் வாயை அடைத்துக்கொள்ளும்.