எங்க ஆத்தோட மலையைப் பாத்துட்டு வந்தோம்

கடலூர்ல பொறந்து வளந்த எனக்கு தென்பெண்ணைன்னா ஆல்பேட்டை பாலம், தை 5 ஆத்துத் திருவிழா, சுருளிக்கிழங்கு வாங்கி மடில கட்டிக்கிட்டு சுடு மணல்ல நடந்து வர்றது, அவ்ளோதான். நந்தி மலைல பொறந்து கிருஷ்ணகிரி, திருக்கோவிலூர் எல்லாம் தாண்டி தாழங்குடா கிட்ட கடல்ல சேருதுன்னு ஸ்கூல்ல படிச்சதோட சரி. நடுவுல சாத்தனூர்னு ஒரு டேம் இருக்கு, அங்க பார்க் இருக்கு, முதலைப் பண்ணை இருக்கு, பழைய படத்துல எல்லாம் டூயட் எடுப்பாங்க, இதுக்கு மேல எங்க தெருவுல யாருக்கும் தெரியாது.

2024 டிசம்பர் 2 ராத்திரி ஆறு எங்க வீட்டு ஹாலுக்குள்ள முழங்கால் அளவுக்கு வந்து நின்னுச்சு. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரியே புதுச்சேரி பக்கம் கரைய கடந்துடுச்சு, நம்ம மேல பெய்ய வேண்டிய மழை பெஞ்சு முடிஞ்சதுன்னு நெனச்சு துணி எல்லாம் காயப் போட ஆரம்பிச்சுட்டோம். ஆனா அதே புயல் உள்ள போயி ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டியிருக்கு, அந்தத் தண்ணி பாம்பாத்துல எறங்கி, பாம்பாறு தென்பெண்ணைல சேந்து, அது நேரா சாத்தனூருக்குத்தான் வரும். டேம்லேர்ந்து செகண்டுக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தொறந்தாங்க.

அந்த நம்பர் அன்னிக்கி டிவில ஓடும்போது எனக்கு ஒண்ணும் புரியல. அப்பறம் ஒக்காந்து கணக்கு போட்டேன். ஒரு டிஎம்சின்னா 100 கோடி கன அடி, அந்த வேகத்துல ஒரு டிஎம்சி ஓடி முடிய 1 மணி 40 நிமிஷம்தான் ஆகும். சாத்தனூர் டேம் 119 அடி ரொம்பினா மொத்தமே 7.3 டிஎம்சி. அதாவது அன்னிக்கி டேம் காலியாவே கெடந்திருந்தாலும் பன்னண்டு மணி நேரத்துல ரொம்பி வழிஞ்சிருக்கும். அதப் போட்டு முடிச்சதும்தான் அந்த எடத்த நேர்ல பாக்கணும்னு தோணுச்சு.

பாகூர்ல விவசாயம் பண்ற எங்க சித்தப்பாகிட்ட சொன்னேன். அவரு எதுக்குடா இவ்ளோ தூரம்னு கேப்பாருன்னு பாத்தா, "போலாம்டா, நம்ம பங்காரு வாய்க்காத் தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு நானும் பாத்ததில்ல"ன்னாரு. சொர்ணாவூர் அணைக்கட்டுலேர்ந்து பிரிஞ்சு பாகூர் ஏரிக்கு வர்ற வாய்க்கா அது, அவரு வயலுக்கு மூலமே தென்பெண்ணைதான். கோடைல ஒரு நாள் விடியக்காலம் நாலு மணிக்கெல்லாம் பைக்க எடுத்துட்டோம். விழுப்புரம், திருக்கோவிலூர், மணலூர்பேட்டை, தண்டராம்பட்டு. வழி நெடுக ஆறு அப்பப்ப பக்கத்துல வந்து வந்து போவுது, தண்ணியே இல்ல, சில எடத்துல மணலும் இல்ல, களியும் முள்ளும்தான்.

தண்டராம்பட்டு தாண்டினதும் மலை தெரிய ஆரம்பிக்குது. சென்னகேசவ மலைன்னு பேரு. வடக்க ஜவ்வாது மலை, தெக்க கல்வராயன் மலை, ரெண்டும் பெரிய அண்ணனுங்க மாதிரி நிக்க நடுவுல இது தாழ்வா கருங்கல்லும் உசிலை மரமுமா கெடக்கு. இந்த மலை வரிசைய ஒரு எடத்துல ஆறு அறுத்துக்கிட்டு வெளிய வருது, எத்தன லட்சம் வருஷம் அறுத்துச்சோ தெரியல, அந்த இடுக்குலதான் காமராஜர் காலத்துல, 1958ல, டேம் கட்டி முடிச்சிருக்காங்க. டேம் மேல நின்னு பாத்தா இந்தப் பக்கம் ஆறு ஒரு கோடு, அந்தப் பக்கம் மலையெல்லாம் இடுப்பு வரைக்கும் தண்ணில நிக்குது. நாம பாக்குற குன்றுல பாதிக்கு அடிவாரமே கெடையாது, அடிவாரம் தண்ணிக்குள்ள இருக்கு. தனியா மொட்டு மொட்டா தெரியுற திட்டெல்லாம் ஒரு காலத்துல ஒரே மலையோட முதுகு.

மீன் வறுத்துக் குடுத்த அக்காகிட்ட (ஜிலேபி மீன், அந்த மசாலா இன்னும் நாக்குல இருக்கு) தண்ணி எறங்கின பக்கம் போய்ப் பாக்க வழி இருக்கான்னு கேட்டோம். "போங்க தம்பி, வண்டித்தடம் போவுது, ஆனா தண்ணி ஓரத்துல மட்டும் கால் வெக்காதீங்க, முதலை கெடக்கும்"னாங்க.

அங்க பாத்ததத்தான் எழுதணும்னு நெனச்சேன். மலைல ஒரு கோடு இருக்கு. மேல செடி கொடி, உசிலை, வேலம், அதுக்குக் கீழ டக்குனு மொட்டைப் பாறை, வெள்ளையா கறை படிஞ்சு, குளிச்ச பக்கெட்டுல சோப்பு நொரை காஞ்ச மாதிரி அடுக்கடுக்கா. வருஷா வருஷம் தண்ணி ஏறுது எறங்குது, ஆறு மாசம் முழுகி ஆறு மாசம் வெயில்ல கெடக்குற எடத்துல எந்த மரம் நிக்கும், மரம் இல்லன்னா வேர் இல்ல, வேர் புடிச்சிருந்த மேல்மண்ணு அலை அடிச்சு அடிச்சு உள்ள போயிடுச்சு. அங்கங்க பழைய மரத்தோட அடிக்கட்டை மட்டும் கருப்பா, கல்லு மாதிரி நிக்குது. ஒண்ணத் தொட்டுப் பாத்தேன், அதுக்கு நடுவுல இருந்த பொந்துல காஞ்சு போன மட்டிச் சிப்பி. மலை மேல, மரத்துக்குள்ள, சிப்பி.

அதுக்குக் கீழ வண்டல். வெடிச்சு வெடிச்சு, ஒவ்வொரு பாளமும் தோசைக்கல்லு அளவு, மேல கொக்கு நடந்த தடம் அப்படியே காஞ்சிருக்கு. சித்தப்பா குந்தி ஒரு பாளத்தப் பேத்து ஒடச்சுக் காட்டினாரு, உள்ள வரி வரியா இருந்துச்சு, நைசா ஒண்ணு, கொஞ்சம் பொறபொறன்னு ஒண்ணு, திரும்ப நைசா. ஒவ்வொரு வெள்ளமும் ஒரு வரி விட்டுட்டுப் போயிருக்கு. அவரு கைல தேச்சுப் பாத்துட்டு, "இது நம்ம ஊருக்கு வர வேண்டிய மண்ணுடா"ன்னாரு.

நானும் எடுத்து விரலால தேச்சேன். முகத்துக்குப் போடுற பவுடர் மாதிரி. எனக்கு அந்தத் தொடல் ஏற்கனவே தெரியும். டிசம்பர்ல தண்ணி வடிஞ்சப்பறம் பீரோ கீழ, அம்மாவோட தையல் மெஷின் பல்லுல, ஸ்விட்ச் போர்டு உள்ள எல்லாம் இதே மாதிரி சாக்லேட் கலர் சேறு, நாலு தடவ கழுவியும் போகாம காஞ்சு ஏடு ஏடா உரிஞ்சு வந்துச்சு. ரெண்டும் ஒரே மண்ணுன்னு நான் சொல்ல வரல, நடுவுல எத்தனையோ கரை இடிஞ்சு கலந்திருக்கும். கைக்கு ஒண்ணா இருந்துச்சு.

திரும்பி வரும்போது சித்தப்பா வழி முழுக்க இதையேதான் பேசிட்டு வந்தாரு. ஆறு மெதுவானா மொதல்ல கீழ போடுறது கனமானத, அதான் மணல, அது டேமுக்குள்ள தண்ணி நொழையுற வாயிலயே தங்கிடும், நைஸ் மண்ணு உள்ள வந்து படியும், ஷட்டர் வழியா வர்ற தண்ணி தெளிஞ்ச தண்ணி. தெளிஞ்ச தண்ணிக்கு மண்ணு பசி இருக்கும்னாரு, அதனால கீழ இருக்குற கரையையும் படுகையையும் அரிச்சு எடுத்துக்கிட்டுப் போவுமாம். அதுக்கு மேல நாமளும் லாரி லாரியா அள்ளியிருக்கோம். கடலுக்குப் போயி கரையா நிக்க வேண்டிய மணல் மலை இடுக்குல முழுகிக் கெடக்கு. தேவனாம்பட்டினத்துலேர்ந்து தாழங்குடா வரைக்கும் கடல் உள்ள வருது உள்ள வருதுன்னு எங்க ஆளுங்க பொலம்புறதுக்கு இது மட்டுமே காரணம் கெடையாது, ஆனா இதுவும் ஒண்ணுதான்.

அந்த டேம் வேணாம்னு சொல்ல என்னால முடியாது. இடதுபுறக் கால்வா, வலதுபுறக் கால்வா ரெண்டு பக்கமும் பச்சையா இருக்கு, திருவண்ணாமலைக்குக் குடிக்கத் தண்ணி அங்கேர்ந்துதான் போவுது, 7.5 மெகாவாட் கரண்டும் எடுக்குறாங்க. எனக்கு இருக்குற ஒரே வருத்தம், 1958லேர்ந்து நம்ம ஆத்தோட கழுத்துல ஒரு மலை முழுகி நிக்குது, அது ரொம்புற அன்னிக்கி மட்டும்தான் நாம அதோட பேரையே சொல்றோம். கடலூர்க்காரங்க, பாகூர்க்காரங்க ஒரு தடவையாவது கோடைல போய்ப் பாருங்க, ரொம்பி இருக்கும்போது போனா மேல தண்ணிதான் தெரியும், அந்தக் கோடு தெரியாது.

ஆல்பேட்டை பாலத்துக்கு வரும்போது மணி ஏழு. சித்தப்பா வண்டிய நிறுத்தச் சொன்னாரு. கீழ பசங்க ஸ்டம்புக்கு மூணு தென்னை மட்டைய நட்டுக்கிட்டு இருட்டுலயும் கிரிக்கெட் ஆடிட்டு இருந்தாங்க. அவரு சட்டைப் பையிலேர்ந்து காகிதத்துல மடிச்ச அந்த வண்டல் பாளத்த எடுத்தாரு, பாதி உதுந்து போயிருந்துச்சு. "பாகூருக்கு எடுத்துட்டுப் போயி வெண்டைக்காய்க்குப் போடுறேன்"ன்னு சொல்லி திரும்ப மடிச்சு வெச்சுக்கிட்டாரு.